மதுமதிக்கு வரும் அழைப்புகள்

ஜேர்மனியில் வுப்பர்டாலுக்குத் தெற்கே, மலைச்சரிவில் உள்ள ஒரு சிறுநகரின் மருத்துவமனையில் மதுமதி தாதி உதவியாளராகச் சேர்ந்த காலத்தில், அங்கு வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஜேர்மன் மொழி இன்னும் வசப்படவில்லை. காய்ச்சலோ, பிரசவ வலியோ, நெஞ்சு நோவோ, எதுவானாலும் முதல் அழைப்பு அவளுக்குத்தான் வரும். “கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் வாசலில நிக்கிறன்” என்பாள். சொன்னபடியே நிற்பாள். பிள்ளைகள் வளர்ந்து, வீட்டுக்கு வீடு மொழி தெரிந்தவர்கள் வந்த பின்பும் அந்த வழக்கம் மாறவில்லை. அவசர ஊர்தியை அழைத்தால் நீல விளக்குச் சுழலும், தெருவே எட்டிப் பார்க்கும். மதுமதியை அழைத்தால் காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடியும்.

அவள் வேலை செய்தது இதயப் பிரிவில். அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்கும் அறை அதன் கோடியில் இருந்தது. பிறகு மருத்துவமனைகளுக்கான புதிய விதிகள் வந்தன. இன்ன சிகிச்சை இன்ன மருத்துவமனையில்தான் என்று அரசு வகுத்தது. ஒதுக்கப்படாத இடத்தில் செய்த சிகிச்சைக்குக் காப்புறுதியிலிருந்து பணம் வராது. இதய சிகிச்சை பெருநகர மருத்துவமனைக்குப் போயிற்று. ஊழியர்களை அழைத்து இதை விளக்கிய மருத்துவர் கிறிஸ்ரியன், அடிக்கடி செய்கிற இடத்தில்தான் பிழை குறையும் என்று நியாயமும் சொன்னார். மதுமதியால் மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் அந்த வருமானம் நின்றதும் அவசரப் பிரிவைத் திறந்து வைத்திருக்கக் கட்டுப்படியாகவில்லை, அதையும் மூடினார்கள். இதய சிகிச்சை அறையின் இயந்திரத்தைக் கழற்றிச் சென்ற பின், சுவரில் இருந்த துளைகளுக்கு ஒருவர் சாந்து பூசிக்கொண்டிருந்ததை மதுமதி நின்று பார்த்தாள். மிஞ்சியது முதியோர் பிரிவு. அவளை அங்கே மாற்றினார்கள்.

அவள் இதை யாருக்கும் சொல்லாமல் இருக்கவில்லை. கோயிலில் பூசை முடிந்து பந்தியில் சோறு பரிமாறும்போது ஒவ்வொருவரிடமும் சொன்னாள். வெதுப்பகத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற விமலநாதன் வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்ப உங்கட ஆசுப்பத்திரிக்கு இப்ப நெஞ்சே இல்லையெண்டு சொல்லு.”

“பகிடி இல்லை அண்ணை. இனி அங்க வந்து பிரயோசனமில்லை. அம்புலன்சுக்கு, ஒண்டு ஒண்டு ரெண்டுக்கு அடியுங்கோ, அவங்கள் நேர சிற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவாங்கள்.”

“நீ நிக்கிற இடம்தான் பிள்ளை எங்களுக்கு ஆசுப்பத்திரி.”

மதுமதிக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. அகப்பையில் இருந்த பருப்பை அவருடைய இலையில் ஊற்றிக்கொண்டே, வழக்கமாகச் சொல்வதையும் சொல்லி வைத்தாள்: “சரி சரி, ஏதும் எண்டா எனக்கும் ஒருக்கா அடியுங்கோ.”

எல்லோரிடமும் அவள் பேச்சு இப்படித்தான் முடிந்தது. முன்னால் சொன்னவை யார் மனத்திலும் தங்கவில்லை.

மாரி தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு பிற்பகல், படுக்கையிலிருந்த மூதாட்டி ஒருவருக்கு அவள் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். கை ஒழியாமல் எடுக்காது விட்ட கைப்பேசி சட்டைப்பையில் மறுபடியும் அதிர்ந்தது. விமலநாதனின் மனைவி கமலாம்பிகை.

“மதுமதி, வாசல்ல நிக்கிறம். கதவு திறக்குதில்லை.”

படிகளில் இறங்கி ஓடினாள். மூடிக்கிடந்த அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கார் நின்றது. முன் இருக்கையில் விமலநாதன் சாம்பல் பூத்த முகத்தோடு, சட்டையெல்லாம் வியர்த்து, இடக்கையைப் பிடித்தபடி இருந்தார்.

“ஏன் அக்கா அம்புலன்சுக்கு அடிக்கேல்லை?”

“நீதானே அடிக்கச் சொன்னனி! வழியெல்லாம் அடிச்சனான், நீ எடுக்கேல்லை. எப்பிடியும் நிப்பாய் எண்டுதான் வந்தனாங்கள்.”

கிறிஸ்ரியனை அழைத்துவிட்டு, மதுமதி அவசர எண்ணை அழுத்தினாள். மறுமுனைக் குரல் முகவரியைக் கேட்டது, சொன்னாள். மருத்துவமனையிலிருந்தா அழைக்கிறீர்கள் என்று அந்தக் குரல் திரும்பவும் கேட்டது. ஆம், மருத்துவமனையின் வாசலிலிருந்து என்றாள்.

கிறிஸ்ரியன் பையோடு ஓடிவந்து, கையிலிருந்த மருந்தைக் கொடுத்தார், ஊசி போட்டார். அவரால் செய்யக்கூடியது அவ்வளவுதான். ஊர்தி பெருநகரப் பக்கத்திலிருந்து மலையேறி வரவேண்டியிருந்தது. விமலநாதன் கண்ணைத் திறந்து கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.

“திறக்கச் சொல்லு பிள்ளை. உனக்குத் தெரிஞ்ச ஆக்கள்தானே.”

“வருகினம் அண்ணை. இந்தா வருகினம்.”

பெருநகரத்தை அடையுமுன் அவர் இறந்துபோனார்.

வீட்டிலிருந்தே ஊர்தியை அழைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மறுநாள் கிறிஸ்ரியனிடம் கேட்டாள். அவர், வாய்ப்பு இருந்தது என்றார்.

இறந்தவருக்கு எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவன்று கமலாம்பிகை அவள் கையைப் பிடித்து, வந்திருந்தோர் எல்லோருக்கும் கேட்கும்படி, “கடைசிவரைக்கும் இவள்தான் பக்கத்தில நிண்டவள்” என்றாள். மதுமதி தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

பனி விழத் தொடங்கிய நாட்களில், வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. கோயிலடியில் குடியிருக்கும் குமுதினி.

“அக்கா, இவருக்குக் கை விறைக்குதாம், நெஞ்சையும் அடைக்குதாம். கொண்டு வாறம், நீங்கள்…”

“எனக்கு அடிக்காதை. ஒண்டு ஒண்டு ரெண்டுக்கு அடி. இப்ப வை.”

“அக்கா, நீங்கள் ஒருக்கா…”

“வையடி!”

தானே இணைப்பைத் துண்டித்தாள். கைப்பேசி திரும்ப ஒலித்தது. எடுக்கவில்லை. நின்றது, மீண்டும் ஒலித்தது. மடித்த துணியைப் பிரித்து, அதையே மறுபடி மடித்தாள். பிறகு ஒலிக்கவில்லை.

குமுதினியின் கணவர் பெருநகர மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டார் என்பது அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில்தான் அவளுக்குத் தெரிய வந்தது. சொன்ன பெண் இன்னொன்றும் சொன்னாள்.

“அந்தரம் ஆபத்துக்கு எடுத்தா முகத்தில அடிச்ச மாதிரி போனை வைக்கிறாவாம் எண்டு சனம் கதைக்குது. மதுமதிக்கு இப்ப சரியான தலைக்கனமாம்.”

“கதைக்கட்டும்” என்றாள் மதுமதி.

அன்று பந்தியில் குமுதினியின் இலைக்கும் அவளே பருப்பு ஊற்றினாள். குமுதினி நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘ஏதும் எண்டா எனக்கும் ஒருக்கா அடி’ என்ற வழக்கமான அந்த வார்த்தை மதுமதியின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.