பெரட்டுக் களத்து பப்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அன்று நான் குடித்தது ஒன்றரை கிளாஸ் பியர். அதற்கெல்லாம் யாருக்கும் புத்தி பேதலிக்காது.

என் மனைவி விஜயலெட்சுமிக்குப் பதுளையில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். எழுந்து நடந்தாள், கஞ்சி குடித்தாள். "நாளைக்குத் துண்டு வெட்டி அனுப்புறாங்க. காலையிலேயே வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பகல் பார்வை நேரத்தில் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில்தான் வேன் ஓட்டும் ரமேஸ் கூப்பிட்டதும் போனேன்.

ஹாலிஎலவுக்கு மேலே, கைவிட்ட தேயிலைத் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்காரன் ஊரில் இருப்பது போலவே ஒரு பப். கறுத்த மரக் கவுண்டர். அம்பு எறியும் பலகை. நாங்கள் இருவர், பியர் ஊற்றுகிறவர், வேறு யாருமில்லை. முதலில் ஜெர்மன் பியர், வாழைப்பழ வாசம் அடித்தது. அடுத்து அயர்லாந்துக் கறுப்பு பியர்.

"கஷாயம் மாதிரி இருக்கு மச்சான்."

"வெளிநாட்டுக் கஷாயம். பேசாம குடி," என்றான் ரமேஸ்.

மணி 4.35. மூடுபனி ஜன்னலை அடைத்தது. கவுண்டருக்குப் பின்சுவரில்... டக். டக். டக். யாரோ தடியால் தட்டுவது போல.

"அந்தப் பக்கம் யாருங்க?" என்றேன்.

"யாருமில்லீங்க. வெறும் பள்ளம்," என்றார் பியர் ஊற்றுகிறவர். "முந்தி இந்த இடம் பெரட்டுக் களம்."

பெரட்டு என்றால் விடிகாலையில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுப்பது. நானும் விஜயலெட்சுமியும் தோட்டத்தில் பதினாறு வருடம் பெரட்டுக்கு நின்றவர்கள்தான்.

மணி 4.41. சுவருக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல். சலித்துப்போன குரல்.

"இராசையா..."

பதில் இல்லை.

"பெரியாயி..."

பதில் இல்லை.

ரமேஸ் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"விஜயலெட்சுமி..."

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவள் எப்போதும் பெரட்டுக்குப் பிந்தித்தான் வருவாள். அவள் பேர் விழாமல் அன்றைய சம்பளம் போகக் கூடாதென்று நான்தான் குரல் கொடுப்பேன். வாய் முந்திக்கொண்டது.

"வந்திருக்குங்க."

டக்.

அதோடு நின்றது.

"யாருக்குடா பதில் சொன்ன?" என்றான் ரமேஸ்.

ரமேஸின் வேனிலேயே பதுளைக்கு இறங்கி 5.20க்கு வார்டுக்கு ஓடினேன். கட்டில் காலி. விரிப்பை மாற்றியிருந்தார்கள். நெஞ்சு திடீரென்று நின்றுவிட்டதாம். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

எட்டாம் நாள் பக்கத்துக் கட்டில் ஜெமீலா என்னைத் தேடி வந்தார்.

"நல்லாத்தான் பேசிட்டு இருந்தாங்க. நாலே முக்காலுக்குக் கொஞ்சம் முந்தி டக்குன்னு எழும்பி உக்காந்தாங்க. சுவரைப் பாத்து, 'நான் இங்கதானே இருக்கேன், என் பேருக்கு யாரு கொரல் குடுத்தது'ன்னு கேட்டாங்க. அப்புறம் படுத்தவங்கதான்..."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அவங்க யாரைச் சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதுங்க என்றேன்.