வாலுக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

அனுசுயா நகம் வளர்த்ததே இல்லை. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கல்யாணமான நாளிலிருந்து பழம் வெட்டியவள். பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் இருக்கும். விரல் பட்டால் அழிந்துவிடும்; அழிந்த குலையை வியாபாரி எடுக்கமாட்டான். காம்பைப் பிடித்தே வெட்ட வேண்டும், காம்பைப் பிடித்தே பெட்டியில் படுக்கவைக்க வேண்டும். அந்தக் கைக்காகத்தான் பொன்னுராஜ் அண்ணாச்சி அவளை வேலைக்கு எடுத்தார். பழத்துக்குக் காட்டிய பக்குவத்தை இனி ஒரு வாலுக்குக் காட்ட வேண்டும் என்றார்.

பொன்னுராஜுக்குப் போடி பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை. அது போதாதென்று சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குத் திடலில் கொட்டகை போட்டு, பெரிய கண்ணாடித் தொட்டி இறக்கி, கடற்கன்னி காட்டினார். வெளியே தட்டியில் 'பிலிப்பைன்ஸ் நாட்டுக் கடற்கன்னி' என்று எழுதியிருந்தது. உள்ளே நீந்தியது லோயர் கேம்ப் ஊர்க்காரி பாண்டீஸ்வரி. கால்வாயில் குதித்துப் பழகிய இருபது வயதுப் பெண். திடலுக்குள் அவள் தமிழில் வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. பிலிப்பைன்ஸ்காரி 'அக்கா, தண்ணி குடுங்க' என்று கேட்டால் டிக்கெட் எடுத்தவன் சும்மா விடுவானா?

வால் சிலிக்கான் ரப்பர். நனைந்துவிட்டால் மூட்டை தூக்கிப் பழகியவன்கூட முனகுவான். அதை மாட்டிவிடுவதும் கழற்றுவதும் கழுவுவதும் அனுசுயா பொறுப்பு. காட்சிகள் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி ப்ளீச்சிங் பவுடர் நெடியைப் போக்குவாள். பச்சைப் பிள்ளைக்குப் போடுகிற ஷாம்பூவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஸ்பாஞ்சால் செதில் செதிலாக ஒற்றி எடுப்பாள். அப்புறம் மேல்விளிம்பைச் சுருட்டி உள்பக்கம் கழுவ வேண்டும். வியர்வை, செத்த தோல் எல்லாம் உள்ளேதான் தங்கும். ஈரத்தோடு விட்டால் மறுநாள் ஊசிப்போன சோற்று வாடை அடிக்கும். நிழலில் ஃபேனுக்கு முன்னால் காயவைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கச் சோள மாவு தூவி, மடிப்பு விழாமல் மெத்தையில் நீட்டிப் போட வேண்டும். வெயில் ஆகாது, எண்ணெய் ஆகாது. சாயம் ஆகவே ஆகாது. பிடித்தால் போகாது என்று விற்றவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கொட்டகைக்குப் பின்னால் தகரம் அடித்த ஒரே அறை. அதில் ஒரு மெத்தை, ஒரு ஃபேன். இரண்டும் வாலுக்கு. பாண்டீஸ்வரி தார்ப்பாயில் படுத்தாள்.

அந்த வாலைக் கேட்டு முதலில் போனது அனுசுயாவின் மகள் திரிஷாதான். பிளஸ் டூ முடித்தவள், கிணற்றில் தலைகீழாகக் குதிப்பவள். பொன்னுராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ள கருப்பா இருக்கே ஆத்தா. பிலிப்பைன்ஸ்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றார். வெளுப்பாக இருந்த பாண்டீஸ்வரியைத் தொட்டிக்குள்ளும் அனுசுயாவைத் தொட்டிக்கு வெளியிலும் வைத்துக்கொண்டார். அனுசுயா சிரித்துக்கொண்டே சரி என்றாள். அவள் புருஷன் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறிப் போய் அங்கேயே வேறு குடும்பம் கண்டுகொண்டவன். மகளும் தன்னைப் போலத் திராட்சைப் பந்தலுக்கடியில் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்கக்கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. குமுளிப் பக்கம் ரிசார்ட்காரர்கள் இப்படி நீந்துகிற பெண்களை மாதச் சம்பளத்துக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதற்கு மகள் ஒருமுறையாவது அந்த வாலுக்குள் இறங்க வேண்டும். அதனால் வாலைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். இன்றைக்கு அடுத்தவள் இடுப்பில் இருந்தாலும், என்றைக்கோ தன் மகளுக்கு வரவேண்டிய சீர் அது என்று நினைத்திருந்தாள்.

திருவிழாக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் வாலை உருட்டிக் கழற்றுகையில் பாண்டீஸ்வரி பல்லைக் கடித்தாள். இடுப்பைச் சுற்றி முத்து முத்தாகக் கொப்புளம், நீர் கோத்து நின்றது. உடம்பு அனலாகக் கொதித்தது. அந்த மண்ணில் பிள்ளை வளர்த்த அனுசுயாவுக்கு அதை டாக்டர் வந்தா சொல்ல வேண்டும்? அம்மை. அம்மை போட்டவர்கள் வேண்டிக்கொள்கிற ஆத்தா கோயில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் திடல் முழுக்கக் கூறுபோட்டு விற்றார்கள். வேப்பிலைப் படுக்கை போட்டு அந்தப் பெண்ணைப் படுக்கவைக்க ஒரு வார்த்தை போதும்.

அந்த வார்த்தையை அனுசுயா விழுங்கினாள். அம்மை என்று வெளியே தெரிந்தால் கொட்டகையை இழுத்து மூடுவார்கள். மூடினால் வால் போடி குடோனுக்குப் போய்விடும். திருவிழா முடிந்து கூட்டம் குறைகிற வரைக்கும் இவள் தாங்கிவிட்டால், அப்புறம் பள்ளிக்கூடம் திறக்கிற வரை நடக்கிற காட்சிக்குத் திரிஷாவை இறக்கிவிடலாம். ஒரு தாயின் கணக்கு இது. தாய் என்றால் உருகுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"என்னக்கா இது?" என்று பாண்டீஸ்வரி கேட்டாள்.

"வேர்க்குருடி. நாள் முச்சூடும் ரப்பருக்குள்ள கிடந்தா வேறென்ன வரும்? மாவு போட்டா அடங்கிரும்."

வாலுக்கு வைத்திருந்த சோள மாவு டப்பாவைத் திறந்து அவள் இடுப்பில் கொட்டித் தடவினாள். சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த திரிஷா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தத் தகர அறையில் மூன்று பேரும் ஒரே தூக்கில் சாப்பிட்டார்கள்.

மறுநாளும் அவளை வாலுக்குள் இறக்கினாள். அதற்கு மறுநாளும். கொப்புளத்தின் மேல் ரப்பரை ஏற்றும்போது அந்தப் பெண் அனுசுயாவின் தோளைக் கவ்விப் பிடித்துக்கொள்வாள். கத்தக்கூடாது, தட்டிக்கு அந்தப் பக்கம் ஜனம் நிற்கிறது. பிலிப்பைன்ஸ்காரி தமிழில் அழக்கூடாது. தொட்டிக்குள் போனதும் கண்ணாடியில் கையை வைத்து முத்தம் பறக்கவிடுவாள். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவார்கள். கழற்றும்போது உடைந்த முத்தெல்லாம் வாலோடு வரும். அனுசுயா அந்த நாட்களில் ஷாம்பூவைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றி உள்பக்கத்தைத் துடைப்பாள். வால் கெட்டுவிடக்கூடாதே என்றுதான்.

"எரியுதுக்கா. வீட்டுக்குப் போயிட்டு வரட்டா?"

"தேரு முடியட்டும்டி. அண்ணாச்சி கோவிச்சுக்கிருவாக."

தேர் முடியும்வரை அவள் உடம்பு காத்திருக்கவில்லை. மத்தியானக் காட்சியில் தொட்டிக்கு அடியில் போனவள் மேலே வரவில்லை. தலைமுடி விரிந்து மிதக்க, கண்ணைத் திறந்தபடி தரையில் கிடந்தாள். வித்தை என்று நினைத்து ஜனம் கைதட்டியது. தொட்டிக்கு மேலே காவலுக்கு நின்ற ஆள் குதித்து அவளைத் தூக்கி விளிம்புக்குக் கொண்டுவந்தான். ஓடிவந்த பொன்னுராஜ் முதலில் சொன்னது, "ஏலே, வாலப் பிடிச்சு இழுக்காத, கிழிஞ்சிரும்." அனுசுயாவும் கிழிக்கவில்லை. அந்தப் பெண் தண்ணீர் கக்கிக்கொண்டிருக்க, வாலின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் விட்டு, முறைப்படி உருட்டி உருட்டித்தான் கழற்றினாள். வாலில் ஒரு கீறல் இல்லை.

இடுப்பிலிருந்து தொடை வரை இருந்ததைப் பார்த்து அண்ணாச்சி இரண்டடி பின்வாங்கினார். "சூட்டுக் காய்ச்சல்" என்று எல்லாரிடமும் சொல்லி, போர்வையைச் சுற்றி, ஒரு வேனில் ஏற்றி லோயர் கேம்ப்புக்கு அனுப்பிவைத்தார். வேன் போன புழுதி அடங்குமுன் கேட்டார்: "உம் மக நீந்துவாள்ல? நாளைக்குக் காலையில இறக்கிரு."

அனுசுயா கேட்ட வரம் கிடைத்துவிட்டது. தகர அறைக்குப் போய் மெத்தையில் கிடந்த வாலைப் பார்த்தாள். இத்தனை நாளும் ஷாம்பூவும் ஸ்பாஞ்சும் போதும் என்றிருந்தவளுக்கு, அதே வாலுக்குள் தன் மகளின் கால் நுழையப்போகிறது என்றதும் அவை போதவில்லை. இன்னொருத்தியின் முத்து உடைந்த இடம். அதன் மேல் திரிஷாவின் தோல் படப்போகிறது. முந்தானையில் வேப்பிலையும் கை நிறைய மஞ்சள் பொடியும் வாங்கி வந்தாள். அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்கு ஊற்றுவது போலக் கரைத்துக் காய்ச்சி, வாலின் உள்ளும் புறமும் குடம் குடமாக ஊற்றினாள். சாயம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். மகள் என்று வந்ததும் எந்தச் சட்டமும் ஞாபகத்தில் நிற்கவில்லை.

விடிந்து பார்த்தால் வால் மஞ்சளாக இருந்தது. பச்சையும் நீலமுமாக இருந்த செதிலெல்லாம் அரைத்த மஞ்சளைப் பூசியது போல் ஏறிப்போய், எத்தனை கழுவியும் விடவில்லை. பொன்னுராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "குடியக் கெடுத்துட்டியே சண்டாளி" என்று தொடங்கி அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனாலும் காட்சிக்கு நேரமாகிவிட்டதால் திரிஷாவை இறக்கச் சொன்னார். தொட்டி விளக்கைப் போட்டதும் அந்த மஞ்சள் தகதகவென்று பொன்னாக மின்னியது. கருத்த பெண்ணுக்கு அது எடுப்பாகவும் இருந்தது. ஜனம் வாயைப் பிளந்தது. யாரோ ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மத்தியானமே தட்டியில் பிலிப்பைன்ஸை அழித்து 'தங்கக் கடற்கன்னி' என்று எழுதவைத்தார் அண்ணாச்சி. அனுசுயாவுக்குத் திட்டு நின்று டீ வந்தது.

திருவிழா முடிந்தும் கூட்டம் குறையவில்லை. ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்த ஆள் வண்டியை விட்டு இறங்கவில்லை; அவர் பாண்டீஸ்வரியின் அப்பா. பின்னால் இருந்து அவள் இறங்கினாள். சால்வையை முகத்தில் சுற்றியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, விட்டுப்போன துணிப்பையை எடுக்க வந்திருந்தாள். சால்வை நழுவியபோது முகம் தெரிந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் குழி குழியாக விழுந்திருந்தது. வெளுப்பு என்று தேடி எடுத்த முகம்.

அவள் பையை எடுக்கவில்லை. மெத்தையில் கிடந்த வாலைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தும் பார்த்தாள்.

"வாலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனீகளாக்கா?"

அனுசுயா மாவு டப்பாவை எடுத்து மூடிவைத்தாள்.

"அப்ப என்னன்னு தெரிஞ்சிருக்கு. எனக்கு மாவுதான போட்டீக."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் அனுசுயாவும் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பாள். வாலைக் கத்தியால் கிழித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பாண்டீஸ்வரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டு, பைக்கில் ஏறிப் போய்விட்டாள். ஈரத்தலையோடு வாசலில் நின்ற திரிஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டைத் தனியாகப் போட்டுச் சாப்பிட்டாள்.

குமுளி ரிசார்ட்டிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார் பொன்னுராஜ். தங்கக் கடற்கன்னியை ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்ப்பார்களாம், பிடித்திருந்தால் அன்றைக்கே முடிவு சொல்வார்களாம். அனுசுயாவுக்கு உச்சி குளிர்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாலை உருட்டிக் கழற்றும்போது திரிஷா பல்லைக் கடித்தாள்.

இடுப்பைச் சுற்றி முத்து முத்தாக நின்றது.

வாலில் இருந்து வந்தது இல்லை அது. குடம் குடமாக மஞ்சள் ஊற்றிய வாலில் என்ன இருந்திருக்கும்? பாண்டீஸ்வரியை மறைத்து வைத்த அந்த நாட்களில், ஜன்னல் இல்லாத தகர அறையில், ஒரே தூக்கில் சாப்பிட்டபோது மூச்சுக்காற்றில் வந்தது. வால் கழுவத் தெரிந்தவளுக்கு அது தெரியவில்லை.

"துணியக் கட்டுடி. வீட்டுக்குப் போவோம்" என்றாள் அனுசுயா.

"எதுக்கு? வேர்க்குருதான?"

"இது வேர்க்குரு இல்லடி."

"தெரியும்." திரிஷா தாயைப் பார்க்காமல் தண்ணீர் சொட்டும் முடியைப் பிழிந்தாள். "பாண்டியக்கா இருந்தா ஞாயித்துக்கிழமை வரைக்கும் இறக்கியிருப்பீல்ல? எனக்கு மட்டும் எதுக்கு வேற நியாயம்? இதுக்குத்தான அந்தப் பிள்ளை மூஞ்சியக் கெடுத்த? இப்ப வேணாம்னா அது சும்மா போயிரும்மா."

கொட்டகைக்கு முன்னால் அடுத்த காட்சிக்கு மைக்கில் கூப்பிட்டார்கள். பொன்னுராஜ் தகரத்தைத் தட்டி, "ஆத்தா, ரெடியா?" என்றார். அனுசுயா கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தத் தடவையும் ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை இல்லை, குமுளி இல்லை, அந்தப் பெண்ணின் முகத்தைத் தின்றுவிட்டு வாங்கிய வரமும் இல்லை.

திரிஷா சோள மாவு டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினாள்.

"போடும்மா. அடங்கிரும்ல?"

"ரெடி அண்ணாச்சி" என்று அனுசுயா குரல் கொடுத்தாள். டப்பாவுக்குள் கையை விட்டு மாவை அள்ளி மகளின் இடுப்பில் வைத்துத் தடவினாள். திராட்சைக்குக்கூட வலிக்காத அந்த நகமில்லாத விரல் பட்டு, முதல் முத்து உடைந்தது.