சார் மூடாமல் போன திரை

அருளானந்தம் சார் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது, நான் கம்ப்யூட்டர் சென்டரில் அவர் நாற்காலிக்கு அடியில்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன். ராயப்பன்பட்டியிலிருந்து அவர் வீட்டம்மாவே போன் செய்திருந்தார். மேனேஜர் பாஸ்கரன் போனை வைத்துவிட்டு, "கரண்டு போயி புரோகிராமும் போச்சு, இப்ப சாரும் போயிட்டாக" என்றார். நான் வாய் திறக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குப் போடும் இந்தப் புத்தகத்தில் நீங்களும் எழுதுங்கள் என்று அந்த அம்மா கேட்டதால் இப்போது திறக்கிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் பார்த்த எதையும் மறந்தவள் இல்லை.

வயல் உள்ளவர்களுக்கு அவரைத் தெரியும். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு, என்றைக்கு, எத்தனை மணி நேரம் என்று முறைப் பட்டியல் போட்டுத் தரும் புரோகிராமை எழுதியவர். அப்பன் வயலை மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் தண்ணீர் முறையும் மூன்றாகிவிடும். பட்டியலில் அது ஏறாவிட்டால் அண்ணன் தம்பி மடையில் மண்வெட்டியோடு நிற்பார்கள். பிரிந்த வயல்களையெல்லாம் சேர்த்துப் புதிதாக எழுதுவதற்காகக் கடைசி வருடம் முழுக்க மொபெட்டில் வரப்பு வரப்பாக அலைந்தார்.

அவர் எழுதியது கறுப்புத் திரையில். படம் கிடையாது, மவுசைத் தொட மாட்டார். "மவுசுக்குக் கை போச்சுன்னா யோசனையும் கூடப் போயிரும்" என்பார். எடிட்டர் என்று அவர் சொல்லும் அந்தத் திரைக்குள் நுழைந்துவிட்டால், சென்டரில் படிக்க வந்த பிள்ளைகள் வெளியே வர முடியாமல் முழிப்பார்கள். எனக்கு அதன் எழுத்துகள் தெரியாது, சாரின் கை தெரியும். பத்து வருடமாகப் பெருக்கிக்கொண்டே பார்த்தது. கீபோர்டில் மேல் வரிசையில் இடது மூலைக் கட்டைக்கு ஒரு தட்டு. பிறகு கீழே இடது ஓரத்துப் பெரிய கட்டையை அமுக்கிக்கொண்டு, அதற்கடுத்த கட்டைக்கு இரண்டு தட்டு. எழுதியதைப் பத்திரப்படுத்திவிட்டுத் திரை மூடிக்கொள்ளும். ஒருநாள் ஒரு பெண் பிள்ளை அழுகிற நிலைக்கு வந்ததும் நானே தட்டிவிட்டேன். சார் பார்த்துவிட்டார். "கம்பத்துல இருந்து தேனி வரைக்கும் என் எடிட்டரை விட்டு வெளிய வரத் தெரிஞ்ச ரெண்டாவது ஆளு நீங்கதான் ஆத்தா" என்றார். அன்றைக்குப் பூராவும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதற்காக அவர் என்னைத் திட்டியதில்லை என்று எழுத மாட்டேன். ஒருமுறை துடைப்பம் பட்டு அவர் மிஷினின் பிளக் கழன்றுவிட்டது. "கண்ணு தெரியலைன்னா வீட்டுல இருக்கணும்" என்றார், அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால். ஏழு வருடமாகிறது. செத்துப்போனார் என்பதற்காக அது இல்லையென்று ஆகிவிடாது. மறுநாள் அவரே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"அணைஞ்சது திரைதான் ஆத்தா. எழுதுனது உள்ள பத்திரமா இருக்கு. நான் இல்லாதப்ப யாரும் இதுல கை வைக்காமப் பாத்துக்கங்க."

இந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம், எழுதிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தேனிக்குக் கொண்டுபோனார்கள். திரை திறந்தபடி கிடந்தது. சற்று நேரத்தில் கரண்டு போனது. மேசைக்கு அடியில் பேட்டரிப் பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பாஸ்கரன் கண்ட கட்டையையும் அமுக்குகிறார், திரை முழுக்க எழுத்துதான் கொட்டுகிறது. இடது மூலையில் ஒரு தட்டு தட்டுங்கள் என்று சொன்னேன்.

"ஏத்தா, ஒன்னையப் பெருக்கத்தான் வச்சிருக்கு. இதுக்கு நாங்க இருக்கோம்" என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். அவர்கள் ஊரும் பேரும் எனக்குத் தெரியும். கத்தல் நின்றது, திரை இருண்டது.

மறுநாள் காலையில் பாஸ்கரன் ஒரு சிடியோடு வந்தார். கறுப்பாக என்னவோ வருகிறது, நேற்றே எல்லாம் போய்விட்டது, மிஷினைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டுவிடுவோம் என்றார். எதுவும் போகவில்லை, எழுதியது உள்ளே இருக்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு காப்பியும் இல்லை. காப்பி எடுக்கும் டிரைவ் ஆனி மாதமே கெட்டுப்போயிருந்தது. வாங்கித் தருகிறேன் என்று நாளைக் கடத்தியவரும் இதே பாஸ்கரன்தான்.

நான் துணியும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றேன். நேற்றுச் சிரித்தீர்களே, இன்றைக்கு உங்கள் பாடு என்று இருந்துவிட்டேன். சிடியைப் போட்டதும் திரையில் நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக மெல்ல ஊர்ந்தது. பாதியில் டீ கேட்டார். வாங்கி வந்து கொடுத்தேன். அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் சார் கேட்டது ஒன்றுதான்.

"மிஷினை யாரும் தொடலையே ஆத்தா?"

"தொடலை சார். நாந்தேன் துணி போட்டு மூடி வச்சிருக்கேன்."

"திறந்தபடி விட்டுட்டு வந்துட்டேன். வந்து மூடிர்றேன்."

அவருடைய இடது கை போர்வைமேல் அசைந்தது. மேலே ஒரு தட்டு. கீழே அமுக்கிக்கொண்டு இரண்டு தட்டு. பக்கத்தில் இருந்த அவர் வீட்டம்மாவுக்கு அது நடுக்கமாகத் தெரிந்தது. எனக்குத் தெரியும். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை, பஸ் ஏறிவிட்டேன். அதிலிருந்து நான்காம் நாள் போன் வந்தது.

கரண்டு ஆபீஸைத் திட்டுகிற விவசாயிகளே, கரண்டு மேல் குற்றமில்லை. அழித்தது பாஸ்கரன். பார்த்துக்கொண்டு நின்றது நான். பாஸ்கரனை நான் விடப்போவதில்லை. என்னை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இந்த வருடம் மறுபடியும் நீங்கள் மடையில் நிற்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அழிந்துபோன புதுசை எழுதித் தர என்னால் ஆகாது. எனக்குத் தெரிந்தது மூடுவது மட்டும்தான்.

சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த மூன்று தட்டு. அவருடைய மிஷின் அதே மேசையில்தான் இருக்கிறது. யாரும் தொடாத நேரத்தில் திரையில் கலர் மீன்கள் நீந்துகின்றன. காலையில் கட்டைகளைத் துடைக்கும்போது என் இடது கை தானாகத் தட்டிவிடுகிறது. மீன்கள் மறைகின்றன. வேறொன்றும் ஆவதில்லை.