ஒற்றைக் காது மாதேஸ்வரன்

இடப்பக்க வயரைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்ட பிறகுதான் மாதேஸ்வரன் புது ஹெட்செட்டைக் காதில் வைப்பார். அதுவும் வீட்டுக்குக் கொண்டுபோய் அல்ல. காசைக் கொடுத்த கையோடு, கடையிலேயே, கல்லாப் பக்கத்தில் கிடக்கும் கத்தரியைக் கேட்டு வாங்கி. நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கும் தனப்பிரியா, முதல் தடவை இதைப் பார்த்து ஆடிப்போய்விட்டாளாம். “பாதி வேண்டாமுன்னா பாதிக் காசத் திருப்பிக் கேப்பாரோன்னு பயந்துட்டனுங்க சார்” என்றாள் என்னிடம்.

அவர் கேட்கவில்லை. வெட்டிய துண்டை அவள் கையிலேயே கொடுத்து, “யாருக்காச்சும் இடப்பக்கம் போயிருந்தா ஒட்டிக் குடுத்துருங்க அம்மிணி” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஐந்து வருடத்தில் இப்படி ஐந்து துண்டுகள் அவள் மேசை இழுப்பறையில் சேர்ந்துவிட்டன.

எருமப்பட்டி போகிற சாலையில் ஒரு கோழித்தீவன மில்லில் அரவை மெஷின் ஓட்டுகிறார் மாதேஸ்வரன். வயது நாற்பத்து நான்கு. நான் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்காரன். செவ்வாய்க்கிழமை தவறாமல் அங்கே போய் மக்காச்சோளத்தில் மாதிரி எடுத்து வருவது என் பிழைப்பு. எப்போது போனாலும் தலையிலிருந்து கால்வரை மாவு பூசி, புருவம் நரைத்த கோலத்தில் நிற்பார். குளித்துவிட்டு வந்தால் பத்து வயது குறைந்துவிடும். நான் ஈரப்பதம் பார்க்கும் கருவியைப் பையிலிருந்து எடுப்பதற்குள் நாலு சோள மணியை வாயில் போட்டுக் கடித்து, “சொல்லட்டுங்களா சார், பதிமூணரை” என்பார். கருவி பதிமூன்று புள்ளி ஆறு காட்டும். எனக்கு எரிச்சலாக இருக்கும். எங்கள் கூடத்தில் இருப்பதிலேயே விலை கூடின கருவி அது.

அவருடைய இடக்காது மில்லுக்குச் சொந்தம். மக்காச்சோளத்தோடு ஆணி வரும், போல்ட்டு வரும், கல் வரும். இரும்பைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். கல்லை எது பிடிக்கும்? கல் உள்ளே விழுந்தால் மெஷின் இரைச்சலில் ஒரு சின்ன மாற்றம் வருமாம். அந்த நொடியே நிறுத்தவில்லையென்றால் சல்லடை கிழிந்து அன்றைய அரவை போச்சு. சுவிட்சுப் பெட்டியைப் பார்த்து நின்றால் மெஷின் இடப்பக்கம் இருக்கும். பதினாறு வருடமாக அதே இடத்தில், அதே வாகில் நிற்கிறார். ஆகவே பாட்டு கேட்க மிச்சம் இருப்பது வலக்காது மட்டும். “மொதலாளிக்கு ஒரு காது, எனக்கு ஒரு காதுங்க” என்பார். காதில் மாட்டாமல் சும்மா தொங்கிய இடப்பக்கம் ஒருநாள் பெல்ட்டில் சிக்கி, போனையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. அன்று பிடித்தது இந்தக் கத்தரிப் பழக்கம்.

வயரே இல்லாத ஹெட்செட் வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு தடவை யோசனை சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது தீவனத்துல உழுந்துச்சுன்னா அப்பறம் கோழிதாங்க பாட்டுக் கேக்கோணும்.”

சாக்கு மூட்டைகளின் வாயைத் தைக்கிற வேலை அவருடைய மனைவி பிரபாவுக்கு, அதே மில்லில். அவளைப் பற்றிச் சொன்னால்தான் ஐந்து ஹெட்செட்டுக்கும் அர்த்தம் புரியும். பாட்டு கேட்கிற ஆசை யாருக்குத்தான் இல்லை? அதற்கு எண்பது ரூபாய்ச் சாமானே போதும். மாதேஸ்வரன் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது ஆசையால் அல்ல. புருஷன் பெண்டாட்டிக்குள் தீராமல் கிடந்த ஒரு வழக்குக்குச் சாட்சி தேடிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது ஊர் மாரியம்மன் பாட்டுக் குழு சேலத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்க் கேசட் போட்டது. மாதேஸ்வரன் கூடப் போனது தவில் தூக்க. போன இடத்தில் சலங்கை குலுக்குகிறவருக்கு வயிற்றுப்போக்கு. மனிதர் கக்கூஸை விட்டு வெளியே வரவில்லை. ஸ்டுடியோ வாடகையோ மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ சலங்கையை இவர் கையில் திணித்து மைக் முன்னால் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது பாட்டில், ஒவ்வொரு சரணமும் முடிகிற இடத்தில், மொத்தம் நாலு தடவை குலுக்கினார். கேசட் அட்டை அதற்கு முன்பே அச்சாகிவிட்டிருந்தது. அதில் ஏழு பெயர். இவர் பெயர் இல்லை.

அதோடு போயிருக்கும். பிரபாவைப் பெண் பார்க்கப் போன அன்று இவருடைய பெரியப்பா சும்மா இருக்கமாட்டாமல், “மாப்பிள்ள கேசட்டுல வாசிச்சிருக்காருங்க” என்று எடுத்து விட்டார். பெண் வீட்டில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே பிரபா ஆசையாகக் கேசட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறாள். ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரெக்கார்டர். தவிலும் உடுக்கையும் போட்ட போட்டில் சலங்கை இருந்த இடம் தெரியவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஏழு பேரில் தன் புருஷன் இல்லை.

பத்தொன்பது வருடமாக அவள் அதை விடவில்லை. மாதிரி எடுக்க வருகிற எனக்கே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள், தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல்: “எங்கூட்டுக்காரரு பெரிய பாட்டுக்காரருங்க சார். என்ன, சத்தந்தான் வராது.” மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். மாதேஸ்வரனும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே கூட்டிய இடத்தை இன்னொரு தடவை கூட்டுவார்.

ஒருநாள் அவராகவே சொன்னார். “வெளயாட்டுக்குத்தாங்க சொல்லுறா. தங்கமான பொம்பளைங்க. ஆனா பொய்யச் சொல்லிக் கட்டிக்கிட்டு வந்துட்டாங்கன்னு மனசுல ஒரு ஓரத்துல இருக்குமில்லீங்களா?” நான் மாதிரிப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

சலங்கை மெல்லிய சத்தம், மட்டமான ஹெட்செட்டில் அது அமுங்கிவிடும் என்பது அவர் கட்சி. முதலில் எண்பது ரூபாய். பிறகு நூற்றைம்பது, முந்நூற்றைம்பது. “சத்தம் பெருசா வேணாமுங்க, பிரிஞ்சு வரோணும்” என்று கேட்டு வாங்கி, வெட்டிய கையோடு தனப்பிரியாவின் கடையிலேயே ஒவ்வொன்றையும் வலக்காதில் வைத்து அந்த மூன்றாவது பாட்டைப் போட்டுப் பார்ப்பார். ரப்பர் தளர்வாக இருந்தால் சத்தம் ஓடிவிடுகிறது என்று கண்டுபிடித்து, தனியாக ரப்பர் வாங்கி மாட்டினார். கனத்த சத்தம், மெல்லிய சத்தம் என்று போனில் கோடுகளை ஏற்றி இறக்குகிற வித்தையைக் கற்றுக்கொண்டு, மெல்லிய சத்தத்துக்கான கடைசிக் கோட்டை உச்சிக்குத் தள்ளினார். பழைய பதிவு சரியில்லை என்று சேலம் போய்க் கேசட்டை மறுபடி மெமரி கார்டில் ஏற்றி வந்தார். புதுப் போன்களில் ஹெட்செட் குத்துகிற ஓட்டை இல்லை என்பதற்காக, கண்ணாடி விரிசல் விட்ட பழைய போனுக்கே டேப் ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறார். பண்டிகைக்குச் சட்டை எடுக்காமல் விட்ட வருடமும் உண்டு.

ஒவ்வொரு படி ஏறும்போதும் பாட்டு நன்றாகத்தான் ஆகிக்கொண்டு வந்தது. பாடகர் மூச்சு வாங்குவது கேட்டது. யாரோ ஒருவர் இருமியதுகூடக் கேட்டது. “அது எங்க சித்தப்பனுங்க, ஆஸ்துமா” என்று மகிழ்ந்துபோய்ச் சொன்னார். சலங்கை மட்டும் வரவில்லை. எனக்கும் ஒரு தடவை மாட்டிவிட்டு, சரணம் முடிகிற நேரத்தில் “இங்கதான்” என்று முகத்தையே பார்த்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “லேசா வர்ற மாதிரி இருக்கு” என்றேன்.

“பொய் சொல்லாதீங்க சார். எனக்கே கேக்கல” என்று கழற்றி வாங்கிக்கொண்டார்.

இந்தத் தீபாவளிக்கு போனஸ் வந்ததும் ஆயிரத்து நானூறு ரூபாய்ச் சாமான் ஒன்றின் மேல் கண் வைத்தார். அவர் வாழ்க்கையில் காதுக்கென்று செலவழிக்கப் போகிற பெரிய தொகை அதுதான். பிரபா தடுக்கவில்லை. “வாங்கிக்கங்க. இதுலயும் வரலீன்னா கேசட்டக் கொண்டுபோயி காவேரில உட்டுரோணும். சம்மதமா?” என்றாள். சம்மதம் என்று சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் தனப்பிரியா கத்தரியை ஒளித்து வைத்துவிட்டாள். “இத வெட்டாதீங்ணா. உங்க கால்ல வேணாலும் உழுகறேன். ரெண்டு பக்கமும் ஊசி வெச்சிருக்குது, தனித்தனியாக் கழட்டிக்கலாம்.” அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, அந்த வயரை வலப்பக்க வயரோடு முறுக்கிக் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார்.

அடுத்த இரண்டு செவ்வாய்க்கிழமையும் அவர் பாட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிரபாகூடக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். ஒரு மனிதரைக் கேலி செய்ய அவர் பெண்டாட்டிக்கே மனசு வரவில்லையென்றால் நிலைமை மோசம் என்று பொருள்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை மின்வாரியத்தில் பராமரிப்பு வேலை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. மில் கப்சிப்பென்று கிடந்தது. அந்த இடத்தில் நான் முதல் தடவையாகக் குருவிச் சத்தம் கேட்டேன். மாதேஸ்வரன் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார், வலக்காதில் வழக்கம்போல. பிரபா முறத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, ஆயரத்து நானூறு ரூவாயில அப்படி என்னதான் கேக்குது? எனக்கும் ஒண்ணக் குடுங்க பாக்கலாம்.”

அவர் சட்டைப் பையிலிருந்து இடப்பக்கத்தை எடுத்து, ஊதி, வேட்டியில் துடைத்து, முறுக்கிய வயரைப் பிரித்து ஊசியில் மாட்டிக் கொடுத்தார். அவள் அதைக் காதில் வைத்தாள். அவர் போட்டது எந்தப் பாட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சோளத்தில் கையை விட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பிரபா கழுத்தை நீட்டி வாசல் கேட்டைப் பார்த்தாள். திரும்பினாள். மறுபடியும் பார்த்தாள்.

“வெளிய மணி கட்டுன ஆடு ஏதாச்சும் போகுதுங்களா?”

“ஆடெல்லாம் இல்ல புள்ள. பாட்டக் கேளு.”

“அப்பறம் என்னமோ கலகலன்னுதே.” காதில் இருந்ததை விரலால் அழுத்திக்கொண்டாள். “மொதல்ல இருந்து போடுங்க.”

அவர் மறுபடி முதலிலிருந்து போட்டார். முதல் சரணம் முடிந்தது. அவள் கண் பெரிதாயிற்று. இரண்டாவது சரணம் முடிந்தது. அவள் கை தானாக அவர் முழங்கையைப் பிடித்தது.

“கேக்குதுங்க.”

“வெளயாடாத புள்ள.” அவர் முகம் ஒடுங்கிவிட்டது. “எனக்கு ஒண்ணுமே வரலியே.”

“மாரியாத்தா சத்தியமாங்க. சலங்கைதான். சரணம் முடிஞ்சதீம் குலுக்குது.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்துக்கொண்டேன். படித்தவன் நான், ஐந்து வருடமாக வாரம் தவறாமல் இந்த மனிதரைப் பார்க்கிறேன். ஸ்டுடியோவில் எல்லா வாத்தியத்தையும் இரண்டு பக்கமும் சமமாக வைக்க மாட்டார்கள். ஒன்றை இந்தக் காதுப் பக்கம் தள்ளுவார்கள், இன்னொன்றை அந்தக் காதுப் பக்கம். சலங்கையை முழுக்க இடப்பக்கம் வைத்திருக்கிறார்கள். ஐந்து தடவையும் தன் சலங்கையைத்தான் அவர் வெட்டித் தனப்பிரியாவின் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் அவசரமாகப் பிரபாவின் காதுப் பக்கம் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“இருங்க. இன்னும் ரெண்டு எடம் இருக்குதில்ல?”

கண்ணை மூடிக்கொண்டு, காதை உள்ளங்கையால் பொத்தி, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாதேஸ்வரன் அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தார். பாட்டு மூன்றாவது சரணத்துக்குள் போயிருக்க வேண்டும். மெதுவாகத் தன் வலக்காதில் இருந்ததையும் கழற்றி, அவளுடைய இன்னொரு காதில் வைத்தார்.