இரண்டு தடவை உப்புப் போட்ட மீன்

ஜவோலின் ஊர் யூத குரு ரப்பி மெனாஷேயின் வீட்டில் சமையல்காரி ப்ரெய்னா காலமெல்லாம் ருசியாகத்தான் சமைத்தாள். அதை ஒருவரும் நினைவில் வைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டபடியே கெண்டை மீனுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். அதைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது.

ரப்பி தின்று மிச்சம் வைப்பது புனிதம் என்று பந்தியில் அதற்காகச் சீடர்கள் அடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் ஒரு வாய் வைத்தார், ப்ரெய்னாவைப் பார்த்தார், பிறகு தாம்பாளத்து மீன் மொத்தத்தையும் தின்று தீர்த்தார். மூத்த சீடர் ஃபைவிஷ் காலித் தாம்பாளத்தை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்புல ஏதோ ரகசியம் இருக்குப்பா," என்றார்.

ரப்பி காலமானபின் அவருடைய ஒவ்வொரு நினைவு நாளிலும் அந்த உப்பு மீன் கட்டாயமாயிற்று. இந்த வருடம் ப்ரெய்னா துணிந்து அளவாக உப்புப் போட்டாள்.

"ப்ரெய்னாம்மா, இதுல பழைய பக்தி இல்லியே," என்று ஃபைவிஷ் தட்டைத் தள்ளினார்.

ப்ரெய்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க ஒரு வாய் தின்னாலும் என்னைத் திட்டித் தீர்ப்பீங்கன்னுதான்யா அந்த மனுசன் அவ்வளவையும் தானே தின்னாரு."

ஃபைவிஷ் கண்ணை மூடித் தலையாட்டினார். "எவ்வளவு ஆழமான பேச்சு," என்றார். பிறகு உப்பு ஜாடியைக் கேட்டார்.