செல்லனை ஏற்றிய நாள்

மாடு ஏற்றும் வண்டியின் பின்கதவை இறக்கினால் அதுவே ஏறுபலகையாகிவிடும். குளம்பு வழுக்காமலிருக்க அதன் மேல் வைக்கோல் தூவியிருந்தார்கள். ஐந்து மாதக் கன்று ஒன்று அதன் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, இரண்டு ஆண்கள் தள்ளியும் அசையாமல் நின்றது. அது அம்மா வளர்த்த கன்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. முப்பது வருடமாகியும் இந்தக் காட்சி மங்கவில்லை. மங்கினால் நன்றாயிருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஜெர்மன் பேசும் மலைநாடொன்றில், கூர் என்னும் நகரத்திலிருந்து மஞ்சள் பேருந்தில் முக்கால் மணிநேரம் மலையேறினால் வரும் ஊர் அது. அப்பா பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். திங்கட்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். நானும் அம்மாவும் ஒரு பண்ணை வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். கீழே தனிக்கட்டையான பண்ணைக்காரர், சுவருக்கு அப்பால் அவருடைய பதினொரு மாடுகள். மற்ற நாட்களில் அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆகவே அம்மா தொழுவத்துக்குப் போய்க் கதைக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டில் மாடு நின்றது, வேலை தெரியும். பண்ணைக்காரர் ஒரு வாரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கன்றுகளை அம்மாவின் பொறுப்பில் விட்டார்.

அதில் ஒன்று நாம்பன், ஆண் கன்று. அம்மா அதற்குச் செல்லன் என்று பெயர் வைத்து, வாளியில் பால் பருக்கிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் சொல்லுவார். கடிதத்தில் வந்த செய்தி எனக்கு வருமுன் செல்லனுக்குப் போய்விடும். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். தை மாதத்தில், முழங்காலளவு பனிக்குள், மாடுகளுக்கான பட்டிப்பொங்கலும் நடந்தது. செல்லனுக்குக் குங்குமப் பொட்டு, கழுத்தில் கம்பளி நூல் மாலை. பண்ணைக்காரர் பொங்கலை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, இது எங்களுடைய பாற்சோறுதானே என்றார். அன்று அம்மா சிரித்த சிரிப்பை அந்த மலையில் நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் நாம்பன் கன்று வளர்ந்தால் வண்டிலிலோ கலப்பையிலோ பூட்டுவார்கள். இந்த மலையில் அதற்கு இறைச்சிக்கடையைத் தவிரப் போக்கிடம் இல்லை. எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கட்டடமே இறைச்சிக்கடை. வண்டி வந்த அன்று பண்ணைக்காரர் என்னிடம், இறைச்சிக்கடைக்காரர் காத்திருக்கிறார், கன்றைக் கூப்பிடும்படி உன் அம்மாவிடம் சொல்லு, அது அம்மாவுக்குப் பின்னால்தான் வரும் என்றார். அவர் பேசுவதையெல்லாம் தமிழில் சொல்வது என் வேலை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

"எங்கை கொண்டு போகினமாம்?" என்று அம்மா கேட்டார்.

"வேறை பண்ணைக்கு அம்மா. வண்டில் இழுக்க."

அந்த மலையில் மாட்டுவண்டிலை நானும் கண்டதில்லை, அம்மாவும் கண்டதில்லை. ஆனாலும் நம்பினார். ஏன் பொய் சொன்னேன் என்றால், அம்மா அழுவதைப் பார்க்கப் பயம். அந்த வீட்டில் அவர் அழுதால் தேற்றுவதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன். "இந்தா ராசா, வா, வா" என்று அம்மா முன்னால் பலகையில் ஏறினார். செல்லன் பின்னாலேயே ஏறியது. நெற்றியைத் தடவிவிட்டு இறங்கி வந்தார்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு பண்ணைக்காரர் மாடியேறி வந்து, வெள்ளைக் கடதாசியில் சுற்றிய பொதி ஒன்றை அம்மாவிடம் நீட்டினார். வளர்த்தவருக்கு ஒரு பங்கு கொடுப்பது அவர்கள் செய்யும் மரியாதை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அம்மா விளங்காமல் பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே வெறுமையாகக் கிடந்த கொட்டிலைக் கைகாட்டி, கன்று மாதிரி ஒருதரம் கத்தியும் காட்டினார். அதற்கு நான் தேவைப்படவில்லை.

கதவைச் சாத்திய பிறகு அம்மா என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் கூப்பிட்டுத்தானே அது ஏறினது" என்றார். அடித்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

அம்மா அதன் பிறகு தொழுவத்துக்குப் போகவில்லை. அடுத்த வாரமே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, தேவாலய மண்டபத்தில் நடந்த ஜெர்மன் வகுப்புக்கு மலையிறங்கி நடந்தார். பெற்றோர் கூட்டம், விசா அலுவலகம், பல்வைத்தியர் எல்லாவற்றுக்கும் பிழையும் திருத்தமுமாகத் தானே கதைத்தார். எனக்குத் தலை வாரிவிட்டார், பிடித்ததைச் சமைத்துத் தந்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்பதை அடியோடு விட்டுவிட்டார். பின்னாளில் கூருக்கு இறங்கி வந்தபோது, தாய் தகப்பனுக்கு மொழிபெயர்த்தே சீவன் போகிறது என்று மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் புலம்புவார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. போன மாதம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனேன்; காரோட்ட மட்டும்தான் நான், உள்ளே போனால் சும்மா பக்கத்தில் இருப்பேன். இளம் பெண் டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டு, ஜெர்மனில் இரண்டு கேள்வி கேட்டு, நன்றி சொல்லிக் கைகொடுத்து எழுந்தார். வெளியே நடைபாதை வாங்குப் பலகையில் உட்கார்ந்து கோட்டுக்குப் பொத்தான் போடத் தொடங்கியவர், தலை நிமிராமலே கேட்டார்.

"அவ என்ன சொன்னவ?"

ஒன்றுமில்லை, மருந்தில் மாறிவிடும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஈரலுக்கும் பரவியிட்டுதாம் அம்மா. வெட்டி எடுக்க ஏலாதாம். நோகாமல் இருக்க மருந்து தருவினமாம்."

அம்மா கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார்.

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் விளங்கினது" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அடுத்த முறையும் உள்ளுக்கு வந்திருந்து எனக்குச் சொல்லு" என்றார்.

வாறன் அம்மா என்றேன். அதற்கு மேல் எனக்குத் தமிழும் வரவில்லை, ஜெர்மனும் வரவில்லை.