துணி போடாத பெட்டி

நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் மகள் ரூத்தைக் காணவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் சபையார் முப்பது பேர் மழையில் அவளைத் தேடினீர்கள். ஆற்றோரம் பார்த்தீர்கள், தேயிலைக்குள் பார்த்தீர்கள், தொண்டை கட்டிப்போகும்வரை கூப்பிட்டீர்கள். அவள் எதைத் தேடிப் போயிருப்பாள் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நான் வயரிங் வேலை செய்கிறவன். வீடு கலஹாவுக்கு மேலே, தோட்டத்து ஓரம். எனக்கு முன்கோபம் அதிகம். இது உங்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. போன வருஷம் சபையில் நத்தார் குடில் பல்ப் எரியவில்லை என்று நான் போட்ட சத்தம் இன்னும் சிலர் காதில் இருக்கும்.

எங்கள் வீட்டு நாய் ராணி நவம்பர் நடுவில் குசினி விறகுக்குப் பக்கத்தில் ஐந்து குட்டி போட்டாள். ஆண் குட்டி இரண்டையும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் மூன்றும் பெட்டை. பெட்டைக் குட்டியை யார் எடுப்பார்கள்? பள்ளிக்கூட லீவு விட்டதும் ரூத்துக்கும் அவள் தம்பி யோசுவாவுக்கும் அந்த மூன்றுதான் உலகம். தட்டில் மூன்று வாய் குறையும், விறகுப் பக்கம் மூன்று வாய் போகும்.

எனக்கோ வேறு கவலை. நத்தாருக்குக் கொழும்பிலிருந்து என் அண்ணன் குடும்பம் வருவதாக இருந்தது. முன்சுவருக்கு இளம்பச்சைப் பெயின்ட் அடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. குட்டிகள் சேற்றோடு வந்து அந்தச் சுவரிலேயே உரசின. செருப்பைக் கடித்தன, விறாந்தை முழுக்க அசிங்கம் பண்ணின. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வருவதை நினைத்தாலே எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். வேண்டாத குட்டிகளைப் பெட்டியில் போட்டு, வேறு ஊர்ப் பன்சலைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்துவிடுவது. புத்த விகாரையில் யாராவது சோறு போடுவார்கள், கொன்ற பாவமும் நமக்கு இல்லை. நமது நாய்க்குட்டி, மற்றவர்களின் கோயில். இதில் தப்பு இருப்பதாக அன்று வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் சபையில் குடிலைச் சோடித்து முடித்திருந்தேன். பொம்மைகள் இருந்த காட்போட் பெட்டி வீட்டில் காலியாகக் கிடந்தது. திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் மூன்றையும் அதில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு கடையில் வேலை இருந்தது. போகிற வழியில் பன்சலைச் சுவரோரம் இறக்கி வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து ஒரு பொய் சொன்னேன். "கண்டியில ஒரு பெரிய வீட்டுக்காரங்க மூணையும் ஆசையா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க." மனைவி ஸ்டெல்லாவும் நம்பினாள். யோசுவா அழுதான். ரூத் அழவில்லை. அன்றிரவே அந்தப் பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஒரு நத்தார் கார்ட் செய்தாள். குட்டிகளின் பெயர்களை எழுதி, எது எப்படித் தூங்கும், எதற்கு எங்கே சொறிந்தால் பிடிக்கும் என்றெல்லாம் விவரமாக எழுதி, "அவங்க வீட்டுல குடுத்துருங்கப்பா" என்று என் கையில் தந்தாள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுத்தேன் என்றும் சொல்லிவிட்டேன். ஒரு பொய்க்குத் துணைக்கு இன்னொரு பொய்.

புதன்கிழமை சட்டையைத் துவைக்கப் போடும்போது கார்ட் ரூத்தின் கையிலேயே அகப்பட்டது. நான் விறாந்தையில் தனியாக இருந்தேன். கார்டை என் முன்னால் நீட்டினாள்.

"குடுத்தேன்னு சொன்னீங்களே."

அகப்பட்டவனுக்குக் கோபம்தான் முதலில் வரும். "பிலிமத்தலாவை பன்சலைகிட்ட விட்டேன். இப்ப அதுக்கு என்ன?" என்று சீறினேன்.

அவள் கார்டை மடித்துக்கொண்டாள். பிறகு ஒன்று மட்டும் கேட்டாள். "பெட்டியில துணி போட்டீங்களா அப்பா?"

"போய் வேலையப் பாரு" என்றேன்.

மறுநாள் காலை நான் சபையில் நத்தார் நாடகத்துக்கு லைட் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா போன் எடுத்தாள். "என்னங்க, ரூத் அங்க வந்தாளா? ஒத்திகைக்குப் போறேன்னு எட்டு மணிக்கே கிளம்பிட்டா." அவள் வரவில்லை.

அந்த வாரம் விடாத மழை. ஆற்றில் தண்ணீர் செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஆற்றின் மேல்தான் பயம். போதகர் என்னிடம் கேட்டார், "பிள்ளைக்கு வீட்டில் ஏதாவது மனவருத்தமா?" நான், "ஒண்ணுமில்ல போதகர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு பஸ் மாறிப் பிலிமத்தலாவைக்குப் போகமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். உண்மை என்னவென்றால், குடில் சோடிக்கிற கையால் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. என் மானம் பெரிதாக இருந்தது. என் பிள்ளையை விடப் பெரிதாக இருந்தது. சொல்லவே நாக்கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் நனைந்து, வெறுங்கையோடு சபைக்குத் திரும்பினோம். போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். நீளமாக ஜெபிக்கிறவன் என்று எனக்குப் பேர் உண்டு. வசனம் வசனமாக வரும். அன்று குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன், ஒரு வசனமும் வரவில்லை. ஸ்டெல்லா பக்கத்தில் விம்மிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தாரும் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"ஆண்டவரே, நான் பொய் சொன்னேன்."

அதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகு அழுதுகொண்டே பெட்டி, பன்சலை, கார்ட் எல்லாவற்றையும் உங்கள் எல்லோருக்கும் முன்னால் கொட்டினேன். திரீவீல் ஓட்டுகிற நம்முடைய சாமுவேல் அண்ணன்தான் முதலில் எழும்பினார்.

"அப்ப நாம ஏன் தம்பி ஆத்துல தேடிக்கிட்டு இருக்கோம்? ஏறு வண்டியில."

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்காமல் ஏறினாள். பேராதனையில் கலஹா பஸ் கண்டக்டர் ஒருவரை விசாரித்தோம். ஆமாம், தலை துவட்டுகிற துவாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்தது, அப்பா முன்னால் நிற்கிறார் என்று சொல்லி இறங்கியது என்றார். என் மகளும் பொய் சொல்லப் படித்திருக்கிறாள். யாரிடம் படித்தாள் என்று நான் கேட்கத் தேவையில்லை.

பிலிமத்தலாவையில் பன்சலைக்கு எதிரே ஒரு சின்னத் தேத்தண்ணிக்கடை. அதற்குள் ஒரு கதிரையில் ரூத் இருந்தாள். நனைந்த சட்டைக்கு மேல் யாருடையதோ பெரிய சேர்ட் ஒன்று. முன்னால் ஒரு பிளேட்டில் பேக்கரிப் பணிஸ் ஒன்று, கடிக்காமல் அப்படியே இருந்தது. ஸ்டெல்லா ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். என்னைப் பார்த்துக் கேட்டார், "ஒங்கட புள்ளயா தம்பி? பன்சலையில கூட்டுற பொம்புள, தமிழ்ப் புள்ள ஒண்டு நிக்கிதுண்டு கொணந்து உட்டுட்டுப் போனா. போன் நம்பரக் கேட்டா சொல்ல மாட்டேங்குது. அப்பா ஏசுவாருண்டு பயம். இன்னம் கொஞ்சத்துல பொலிசுக்குச் சொல்லத்தான் இருந்தன்."

பிறகு என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். தகரத்துக்குக் கீழே, நனையாத இடத்தில் என் பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு குட்டிகள், ரூத்தின் துவாய்க்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன.

"மூணு ஈந்தது" என்றார். "ஒண்டு முதல் நாள் மழையிலயே மவுத்தாப் பெய்த்து. நான்தான் பொதச்சன். நாய எங்களுக்கு வீட்டுக்குள்ள எடுக்க ஏலா தம்பி. அதுக்காகப் பசியோட உடவும் ஏலாதுதானே. பால் வெச்சன்."

அவர் பெட்டியின் பக்கத்தைக் காட்டினார். குரலில் கோபமே இல்லை. "இந்த எழுத்தப் பாத்த ஒடன ஒங்கட ஆக்கள்ட எண்டு தெரிஞ்சிது. எப்பயாச்சும் தேடி வருவீங்கண்டுதான் பெட்டிய வீசல்ல."

கறுப்பு மார்க்கரில், என் கையெழுத்தில், பெரிதாக எழுதியிருந்தது: பாலன் குடில்.

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் தோளைத் தட்டி, "புள்ள கெடச்சிட்டுது, அல்ஹம்துலில்லாஹ். தேத்தண்ணி குடிங்க" என்றார்.

திரும்பி வரும்போது ரூத் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். "அப்பாவ மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, "செத்துப்போனது பணிஸ்" என்றாள். கார்டில் எழுதியிருந்த மூன்றாவது பெயர் அது. சுண்டு, புள்ளி, பணிஸ். பொன் நிறத்தில் உருண்டையாக இருந்ததால் அப்படிப் பெயர் வைத்தாளாம். பிளேட்டில் அந்தப் பணிஸ் ஏன் அப்படியே இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ராணி தூரத்திலேயே வாசம் பிடித்துவிட்டாள். பெட்டியை இறக்கியதும் இரண்டையும் நக்கு நக்கென்று நக்கினாள். பிறகு மூன்றாவதைத் தேடி அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதைப் பார்க்க முடியாமல் உள்ளே போனேன். அண்ணன் குடும்பம் வந்தது, சுவரில் சேறு இருந்தது. அண்ணி சுண்டுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், சுவரை யாரும் பார்க்கவில்லை.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்காததையே தந்தார். மகளை உயிரோடு தந்தார். பணிஸை மட்டும் திருப்பித் தரவில்லை. அதை நான் அவர்மேல் போட முடியாது, அது என் கணக்கு. ஜனவரியில் ராணியை மிருக வைத்தியரிடம் கூட்டிப்போய் இனிக் குட்டி போடாதபடி ஒபரேஷன் செய்தோம். புள்ளியை அண்ணன் கேட்டு வாங்கிப் போனார், இது பொய்யில்லை. மாதம் ஒருமுறை பிள்ளைகளோடு பிலிமத்தலாவைக் கடையில் தேத்தண்ணி குடிக்கிறோம். இப்போது எனக்குக் கோபம் வந்தால் ஸ்டெல்லா ஒன்றும் சொல்லமாட்டாள், அந்தப் பெட்டி இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். அடங்கிவிடுவேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒரு காரியம் அடைபட்டுக் கிடந்தால், எவ்வளவு ஜெபித்தும் வழி தெரியாவிட்டால், நீங்கள் மறைத்து வைத்திருக்கிறதை முதலில் அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் ஏசமாட்டார். எனக்கு ஏசவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. என் மகள் அன்று விறாந்தையில் கேட்ட கேள்விக்கு நான் இது வரைக்கும் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. அவள் இதோ இரண்டாவது வரிசை வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் எல்லோருக்கும் முன்பாக அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

இல்லை மகளே. அப்பா துணி போடவில்லை.